அப்பா தேய்த்துவிட்டார்

அத்தியாயம் 14

பொய் சொல்லவும் ஒரு நிதானம் வேண்டும். சலவைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவளிடம் அது தாராளமாகவே இருந்தது.

தம்பி வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து இரண்டு பக்கமும் தூது போய்க்கொண்டிருப்பவள் அவள்தான். அப்பாவிடம், "உங்களை ரொம்ப விசாரிச்சான்பா" என்பாள். தம்பியிடம் போனில், "அப்பா உன் பேச்சைத்தான் எடுத்துட்டிருந்தாரு" என்பாள். அவன் விசாரிக்கவும் இல்லை, அவர் பேச்சை எடுக்கவும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பெரியவள் ஒரே இலையில் இரண்டு பூசணிக்காயை மறைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி அப்படி என்ன கொலைக் குற்றம் செய்துவிட்டான்? அப்பாவின் கடையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க மாட்டேன் என்றான். அதைக்கூட அவர் பொறுத்திருப்பார். பெரிய தெருவில் புதிதாக வந்திருக்கும் மெஷின் சலவைக்காரனிடம் மேற்பார்வையாளனாகப் போய்ச் சேர்ந்தான். அதைப் பொறுக்கவில்லை. வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "இனிமே இந்தப் படியை மிதிக்காதே" என்றார். மறுநாள் காலையில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். சொன்னவரும் சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை, போனவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்று சின்னவளின் நாள்.

சின்னவள் ஓவியக் கல்லூரியில் படித்தவள். படித்து முடித்தும் உருப்படியாக ஒரு பூவோ ஒரு யானையோ வரைந்து காட்டவில்லை என்பது அம்மாவின் குறை. அவள் செய்தது வேறு. காலையில் ஒருவர் படுக்கையை விட்டு எழுந்ததும், விரிப்பை யாரையும் தொட விடமாட்டாள். அது கசங்கிக் கிடக்கிறபடியே அதன்மேல் கஞ்சித் தண்ணீரைத் தெளிப்பாள். தலை காயவைக்கும் டிரையரை வைத்து அங்குலம் அங்குலமாகக் காயவைப்பாள். காய்ந்தபின் விரிப்பு அட்டை மாதிரி விறைத்து நிற்கும். சுவரில் மாட்டி ஒரு பக்கமாக விளக்கைப் போட்டால், தோள் எங்கே அழுந்தியது, முழங்கால் எங்கே மடங்கியது, கை எதைப் பிடித்துக்கொண்டிருந்தது எல்லாம் தெரியும். ஆள் மட்டும் இருக்கமாட்டார்.

அப்பா, அம்மா, அக்கா, வீட்டை விட்டுப் போன அண்ணன், அவள். ஐந்து பேருக்கு ஐந்து விரிப்பு.

பழைய அச்சகம் ஒன்றைக் கலைக்கூடமாக மாற்றி நடத்தும் ஓர் அம்மாள், வருடம் ஒருமுறை நான்கு புதிய கலைஞர்களை ஊருக்கு அறிமுகம் செய்து வைப்பார். இந்த வருடத்து நால்வரில் சின்னவளும் ஒருத்தி. அந்த விரிப்புகள் இன்று மாலை அந்தச் சுவரில் ஏற வேண்டும். வீட்டில் இடமில்லை என்று அவற்றைப் பத்திரமாகக் கடை அலமாரியில் வைத்திருந்தாள்.

சலவைக் கடையில் கசங்கிய துணியைப் பத்திரமாக வைப்பது என்ன புத்திசாலித்தனம் என்று நீங்கள் கேட்கலாம். பெரியவளும் பிறகு அதைத்தான் கேட்டுக்கொண்டாள்.

*

அம்மாவும் பெரியவளும் கடைக்கு வந்தபோது அப்பா முன்னதாகவே திறந்து ஒரு பாட்டம் வேலையை முடித்திருந்தார். முகத்தில் ஒரு களை. தம்பி போனபிறகு அந்த முகத்தில் ஈயாடிப் பார்க்காதவளுக்கு அந்தக் களையே சந்தேகத்தைக் கொடுத்தது.

"என்னப்பா, இவ்வளவு சீக்கிரம்?"

"சின்னவளோடதை எல்லாம் ரெடி பண்ணிட்டேன்" என்றார்.

"சின்னவளோடது எது?"

மோவாயால் மேசையைக் காட்டினார். ஐந்து விரிப்புகள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மூலையோடு மூலை பிடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்து அடுக்கியிருந்தார். மேலே தூசி படாமலிருக்க பிளாஸ்டிக் உறைகூடப் போட்டிருந்தார்.

"பாவம், அவசரத்துல கசங்கினபடியே வெச்சிருக்கா. நாலு பேர் வந்து பார்க்கிற இடம். சலவைக்கடைக்காரன் பொண்ணு கசங்கின துணியைக் கொண்டுவந்து தொங்கவிட்டான்னு பேர் வரலாமா? ஆனா கஞ்சி நல்லாப் போட்டிருக்கா. பெட்டியை வெச்சதும் தகடு மாதிரி நிக்குது பாரு."

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டைப் பட்டன் தைக்கிற மூலையில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிட்டாள்.

"அம்மா."

"எனக்குக் காது கேக்கலை" என்றாள் அம்மா. "நீயே சொல்லு."

எப்படிச் சொல்வது? மகள் என்ன செய்கிறாள் என்று அவர் இத்தனை நாள் கேட்டதில்லை. அவர் கடைக்குப் போனபிறகுதான் சின்னவள் கஞ்சிக் குவளையை எடுப்பாள். "படிச்சுப் படிச்சு என்ன கிழிச்சா" என்கிற ஒரே கேள்வியோடு அவருடைய கலை ஆர்வம் முடிந்துவிடும். போன வாரம்தான் முதல்முறையாக, "அது எந்த இடம்? எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் சொல்லாமல் இன்று விடிந்ததும் வந்து தேய்த்திருக்கிறார். மகளுக்காக அவருக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைச் செய்துவிட்டார்.

வாசலில் வாடகை வண்டி வந்து நின்றது. சின்னவள் குதித்து இறங்கினாள். நல்ல உடுப்பு, வாரிய தலை, கையில் ஆணிப் பெட்டி.

"அப்பா, அதையெல்லாம் எடுத்துக்கறேன்" என்று வந்தவள் மேசையைப் பார்த்தாள்.

பார்த்தபடியே நின்றாள். அப்பா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

"நல்லா இருக்குப்பா" என்றாள் சின்னவள்.

"பின்னே? யார் கை!" அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "சாயங்காலம் நானும் வரேன். கடையை உங்கம்மா பார்த்துப்பா."

இனி அவரிடம் யார் போய்ச் சொல்வது? பூனைக்கு மணி கட்டுவதாவது ஒரு நிமிட வேலை.

*

கடைக்குப் பின்னால், ஹேங்கர் பெட்டிகள் அடுக்கிய சந்து. சின்னவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பெரியவளுக்கு அதைச் சமாளிக்கத் தெரியும்.

"அஞ்சும் போச்சா?"

"அஞ்சும்."

"அண்ணனோடதும்?"

"நான் வரும்போதே முடிஞ்சுபோச்சுடி."

ஐந்தில் நடு விரிப்பு அவனுடையது. அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் அவளைத் தேர்ந்தெடுத்தார் என்பது பெரியவளுக்கும் தெரியும்.

"இப்படியே மாட்டிடலாமே" என்றாள் பெரியவள். "இந்தக் காலத்துல எதை மாட்டினாலும் கலைன்னு ஒத்துக்கிறாங்க."

"தேய்ச்ச பெட்ஷீட்டைப் பார்க்கணும்னா நம்ம கடைக்கே வரலாமே? அங்க எதுக்குக்கா வரணும்?"

"அப்ப ஒண்ணு செய்யலாம். உனக்கு உடம்பு சரியில்லைன்னு—"

"அக்கா!"

"அப்பா மனசு நோகக் கூடாதுடி. முதல்முறையா வரேன்னு சொல்லியிருக்காரு."

"நீயும் அவர் மாதிரிதான்" என்றாள் சின்னவள். "எது கசங்கினாலும் உடனே உக்காந்து தேய்ச்சு விட்டுடணும் உனக்கு. அண்ணன் விஷயத்தையும் அப்படித்தான் பண்ணிட்டிருக்கே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் அந்த மாதிரிச் சுருக்கென்றதையெல்லாம் முழுங்கிப் பழகியவள். "சரி, முதல்ல அந்தம்மாவைப் பார்ப்போம். வா" என்று எழுந்தாள்.

*

கலைக்கூடத்தில் ஏணியும் கம்பியும் வெள்ளைப் பூச்சு வாசனையுமாக இருந்தது. கண்ணில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி என்று இரண்டு கண்ணாடியோடு திரியும் அந்த அம்மாளை எல்லோரும் கண்ணாடிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அவர் விளக்குக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்புகிற வரை அக்காவும் தங்கையும் மற்ற சுவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் சுவர் ஒரு லிஃப்ட் பழுதுபார்ப்பவருடையது. அவர் லிஃப்ட்டின் உட்புறத்தை மட்டும்தான் வரைகிறார். ஒரு படத்தில் ஆறு பேர் நிற்கிறார்கள். ஆறு பேரும் கதவுக்கு மேலே மாறுகிற எண்ணையே பார்க்கிறார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பெரியவளுக்கு அந்த ஆறு பேரையும் தெரியும் போலிருந்தது.

இரண்டாவது ஒரு பள்ளிக்கூட டீச்சர். காத்திருந்த நாற்காலிகளையெல்லாம் களிமண்ணில் கைவிரல் உயரத்துக்குச் செய்து வரிசையாக வைத்திருந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சு, ஒரு கால் ஆடுகிற அலுவலக முக்காலி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி. "மொத்தத்துல பாதி வாழ்க்கை இதுலதான்மா போச்சு" என்று சிரித்தார்.

மூன்றாவது ஆள் வீடு காலி செய்து சாமான் ஏற்றுகிற வேலை பார்ப்பவர். காலி வீட்டுச் சுவரில், படம் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் நிறம் மங்காமல் ஒரு சதுரம் இருக்குமே, அந்தச் சதுரங்களைத்தான் போட்டோ எடுத்திருந்தார். படம் போய்விட்டது, இடம் மட்டும் இருக்கிறது.

நான்காவது சுவர் வெறுமனே இருந்தது. ஐந்து ஆணிக்கு ஐந்து பென்சில் புள்ளி.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். புதிய கலைஞரைப் பெரிய மனிதர் யாரும் அறிமுகம் செய்து வைக்கமாட்டார்கள். அவரோடு ஒரே கூரையின்கீழ் இருக்கிற ஒருவர் எழுந்து, தமக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். லிஃப்ட்காரருக்கு அவர் மனைவி. டீச்சருக்கு அவருடைய மாமியார். சின்னவளுக்குப் பெரியவள்.

கண்ணாடிக்காரம்மா விஷயத்தைக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்த பெரியவள் ஏமாந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அஞ்சு மணிக்கு விளக்குக்காரர் கிளம்பிடுவாரு. அப்ப சுவர்ல என்ன இருக்கோ அதுக்குத்தான் விளக்கு. ஒண்ணும் இல்லைன்னா இந்தச் சுவரை லிஃப்ட்காரருக்குக் கொடுத்துடுவேன். அவர்கிட்ட இன்னும் எட்டுப் படம் இருக்கு. கோவிச்சுக்காதே கண்ணு, அடுத்த வருஷம் புது நாலு பேர் வந்துடுவாங்க."

அதாவது, இன்று இல்லையென்றால் இல்லை.

"அந்த நடுவுல இருக்கிறதுக்குத்தான் நான் உன்னை எடுத்தேன்" என்றும் சொன்னார். "மத்த நாலும் அதோட நின்னாத்தான் குடும்பம்."

*

வழி சொன்னது அம்மாதான். கடைக்குத் திரும்பி வந்த இருவரும் மூலையில் குசுகுசுவென்று சொன்னதைக் கேட்டுவிட்டு, பட்டன் நூலை நறுக்கென்று அறுத்து முடித்தாள்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? தூங்கினதுதானே போச்சு? இன்னொரு தடவை தூங்கினா ஆச்சு."

சின்னவள் தலையை நிமிர்த்தினாள். இப்போதே படுத்தால் மாலைக்குள் கஞ்சியும் காய்ந்துவிடும். கடையின் பெரிய விசிறி இருக்கிறது, டிரையர் இருக்கிறது.

"அப்பா படுப்பாரா?"

"அதை என்கிட்ட விடு" என்றாள் பெரியவள்.

போய் நின்றாள். நிதானமாக ஆரம்பித்தாள். "அப்பா, அந்தம்மாவுக்கு உங்க வேலை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆனா இன்னொரு செட்டும் வேணுமாம். ஆள் படுத்து எழுந்த மாதிரி. ஏதோ புது யோசனையாம்."

"தேய்ச்சதைக் கசக்கணுமா?"

"ஆமாம்பா."

"அப்ப நான் எதுக்குத் தேய்ச்சேன்?"

"பெரிய இடத்துக்காரங்க. நமக்கு என்ன தெரியும்?"

அப்பா பெட்டியை ஓரமாக நகர்த்தினார். பிறகு கடையின் ஷட்டரை இறக்கினார். வேலை நாளில், வெளிச்சம் இருக்கும்போது, அவர் ஷட்டரை இறக்கிப் பெரியவள் பார்த்ததே இல்லை. மகள் கேட்டாள் என்பதற்காக இறக்கினார். எத்தனை எளிதாக நம்பிவிடுகிறார் இந்த மனிதர்!

சலவைக் கடையில் ஒரு குடும்பம் பட்டப்பகலில் தூங்க முயன்ற கதையைச் சொல்லாமல் விட முடியாது. அம்மா தரையில் பாய் போட்டு, விரிப்பைப் போட்டு, படுத்த மாத்திரத்தில் குறட்டை விட்டாள். இப்படி ஒரு வாய்ப்புக்காக அவள் வருடக் கணக்காகக் காத்திருந்திருப்பாள் போலிருக்கிறது. சின்னவள் தன்னுடையதைப் பின்னறையில் துணி மூட்டைகள்மேல் விரித்துச் சுருண்டுகொண்டாள். பெரியவள் கல்லா மேசைக்குக் கீழே நீட்டிப் படுத்தாள். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, "மாஸ்டர், என் பேன்ட் என்ன ஆச்சு?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா தேய்ப்பு மேசைமேல் ஏறிப் படுத்தார். கையை மார்பில் கட்டிக்கொண்டு, காலைச் சேர்த்துக்கொண்டு, உத்தரம் மாதிரி மல்லாந்து கிடந்தார். சின்னவள் எழுந்து வந்து பார்த்தபோதும் அப்படியே கிடந்தார். விரிப்பில் ஒரு கோடு இல்லை.

"அப்பா, கொஞ்சம் புரளுங்கப்பா."

"புரண்டா கசங்கிடும்மா" என்றார் கண்ணைத் திறக்காமல்.

கல்லாவுக்கு அடியில் பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனாலும் உடம்பு உடம்புதானே. விடிவதற்குமுன் எழுந்த மனிதர். கொஞ்ச நேரத்தில் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. ஒருக்களித்தார். முழங்கால் மடங்கியது. பெரியவள் எழுந்து பார்த்தபோது ஒரு கை விரிப்பின் ஓரத்தைப் பிடித்திருக்க, வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்பா தூங்கிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. அப்போது அவரை அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

பிறகு கஞ்சிக் குவளை வந்தது. அம்மாவுடையது பள்ளமும் மேடுமாக, ஆள் விழுந்த குளம் மாதிரி இருந்தது. சின்னவளுடையதில் சுருண்டது தெரிந்தது. அப்பா எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, மேசை ஓரமாக நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார்.

பெரியவளின் விரிப்பைப் பார்த்ததும் சின்னவள், "அக்கா, நீ தூங்கவே இல்லையே" என்றாள்.

"தூங்கினேனே."

"இல்ல. இங்க பாரு, ஒரே இடத்துல கையை இறுக்கி இறுக்கி வெச்சிருக்கே. தூங்கினா கை விட்டுடும்."

"தூங்கறவங்களை எழுப்பலாம், தூங்கற மாதிரி நடிக்கிறவங்களை எழுப்ப முடியாது" என்றாள் அம்மா, கொட்டாவி விட்டபடி.

அப்பா பக்கத்தில் வந்தார். "தூங்கினாங்களா இல்லையான்னு இதுல தெரியுமா?"

"தெரியும்பா."

அவர் நான்கு விரிப்புகளையும் பார்த்தார். உறைக்குள் மடித்தபடி கிடந்த ஐந்தாவதைப் பார்த்தார். அது யாருடையது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. வீட்டில் மொத்தமே ஐந்து பேர்.

"அவனோடது எப்படி இருந்துச்சு?"

"நல்லாத் தூங்கியிருந்தான்பா" என்று பெரியவள் சட்டென்று முந்திக்கொண்டாள். "அவனுக்கென்ன, இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டானே."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, சின்னவள் தன் போனை அவர் முன்னால் நீட்டிவிட்டாள்.

தம்பி வீட்டை விட்டுப் போன காலையில் எடுத்த படம் அது. விரிப்பு முழுக்கச் சுருக்கம். நடுவிலிருந்து நாலா பக்கமும் முறுக்கி, பிழிந்து, கால்மாட்டில் உருண்டு கிடந்தது. ஒரு இடத்தில்கூட உடம்பு தங்கிய பள்ளம் இல்லை. ராத்திரி முழுக்க ஒருத்தன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டிருக்கிறான்.

அப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தூரமாக நீட்டிப் பார்த்தார்.

"இதை நான் தேய்ச்சேன்" என்றார். "மத்ததெல்லாம் பெட்டியை வெச்சதும் படிஞ்சுது. இது படியவே மாட்டேன்னுது. ரெண்டு தரம் தண்ணி தெளிச்சு அழுத்தினேன்."

அம்மா பாயைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"இதைத்தான் மாட்டறதா இருந்துச்சா?"

"ஆமாம்பா."

"அப்ப அந்தம்மா கேட்டாங்க, பிடிச்சுதுன்னு சொன்னது..." அவர் பெரியவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. "காலையிலேயே ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே. நான் பாட்டுக்குப் பல்லை இளிச்சுக்கிட்டு நின்னேன்."

"நீங்க சந்தோஷமா இருந்தீங்கப்பா" என்றாள் சின்னவள். இவ்வளவு நேரம் வராத அழுகை இப்போது வந்தது. "எனக்காக நீங்க ஒண்ணு செஞ்சீங்க. அதை எப்படி வேண்டாம்னு சொல்றது?"

அப்பா அவள் தலையில் கையை வைத்தார். சூட்டுக்குக் காய்த்துப்போன பெரிய கை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

பெரியவளால் இதற்குமேல் தாங்க முடியவில்லை. "இப்ப என்ன, ஒண்ணுதானே குறையுது? அந்த அஞ்சாவதுல நான் படுத்து நாலு புரள் புரண்டுட்டு வரேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"நீ புரண்டா அது நீ புரண்டது" என்றாள் சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அண்ணன் பேரைப் போட்டு அதை மாட்ட மாட்டேன். நாலு போதும்னா நாலு. இல்லைன்னா சுவரை லிஃப்ட்காரர் எடுத்துக்கட்டும்."

அப்பா உறையைப் பிரித்தார். ஐந்தாவது விரிப்பை எடுத்து உதறினார். காலையில் அத்தனை பாடுபட்டுப் போட்ட மடிப்பெல்லாம் போயிற்று. தேய்ப்பு மேசைமேல் அதை விரித்தார். பழக்கதோஷத்தில் உள்ளங்கையால் நீவிவிடப் போனவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

"போனைப் போடு."

பெரியவளுக்கு இத்தனை மாதப் பூசணிக்காய் கண் முன்னால் வந்து நின்றது. "நான் பேசறேன்பா. நீங்க டென்ஷனா இருக்கீங்க. நான் பக்குவமா—"

"உன்னைப் பேசச் சொல்லலை. போட்டுக் கொடு."

போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் எடுத்ததும் துவைக்கிற மெஷின்களின் இரைச்சல் கடைக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"என்னக்கா, இந்த நேரத்துல?"

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். தொண்டையைச் செருமினார்.

"நான்தான்."

இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மேசையில விரிச்சு வெச்சிருக்கேன்" என்றார் அப்பா. அவருக்கு வேறு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. "வந்து படுத்துட்டுப் போ."

எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம். மெஷின் இரைச்சல் தூரத்துக்குப் போனது. தம்பியின் குரல் இப்போது ரொம்பப் பக்கத்தில் வந்தது.

"இப்பவேவாப்பா?"

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பெரியவளிடம் நீட்டினார். மீதியை நீ சொல்லு, நீதான் நல்லாச் சொல்லுவே என்று அந்தக் கண் கெஞ்சியது. அவளும் வழக்கப்படி கையை நீட்டிவிட்டாள். அழகாக ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதை முழுங்கினாள். நீட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்கப்பா."

அப்பா அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். காப்பாற்ற யாரும் வரவில்லை. வாசலில், விரிப்புகளை ஏற்றிக்கொண்டு போக வந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

போனை மறுபடி காதில் வைத்தார்.

"இப்பவே வா" என்றார். "தூக்கம் வரலைன்னாலும் பரவாயில்லை. வந்து படு."